பாம் ஷெல்டர்ல 300 நாவல்: பிள்ளைகுட்டியோட சொந்தமா புத்தகம் போடுறவங்களுக்கு

முதல்லயே சொல்லிடுறேன், நாவல் எழுதினதால எங்க வீட்ல சண்டை வரல, புத்தகம் போட்டதுலதான் வந்துச்சு. எழுதுறது எல்லாரும் தூங்குறப்ப நடக்குற வேலை, யாருக்கும் தொந்தரவு இல்ல. ஆனா சொந்தமா வெளியிடுறோம்னு எறங்கிட்டா பிழைதிருத்தம், அட்டை, சென்னை அச்சகத்துக்கு போன், கூரியர், மண்டபம், அழைப்பிதழ்னு ஒவ்வொண்ணா வந்து நேரா சாப்பாட்டு மேஜையில, பிள்ளையோட ஹோம்வொர்க் பக்கத்துல உக்காந்துக்கும். அதனால எழுதுற மாசங்கள தனியாவும் புத்தகம் போடுற மாசங்கள தனியாவும் பிரிச்சு வைங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு கிண்டினா குடும்பமும் கெடும் நாவலும் கெடும்.

எங்க வீட்டு நெலவரம் இதுதான், சிங்கப்பூர் செங்காங்ல நாலறை வீடு, நானும் ஆபீஸ் வேலைக்கு போறேன், வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட், பெரியவ தொடக்கநிலை 5, சின்னவன் கே2, அதாவது பாலர் பள்ளி ரெண்டாம் வருஷம், கூடவே அத்தை, என் மாமியார். அத்தை கதைப் புத்தகமே தொடமாட்டாங்க, "விடியுறதுக்கு முன்னாடி லைட்டப் போட்டு என்னத்த தட்டிக்கிட்டே இருக்கா"ன்னு ரெண்டு வருஷமா வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

எழுதுற கணக்க மொதல்ல பாத்துடுவோம். 40,000 சொல்லு இருந்தா அச்சுல ஏறக்குறைய 200 பக்கம் வரும், நல்ல நாவல்தான் அது. ஒரு நாளைக்கு 300 சொல்லு, வாரத்துக்கு 5 நாள்னா வாரம் 1,500, அப்ப 27 வாரத்துல முதல் பிரதி முடிஞ்சிடும். காய்ச்சல், விருந்தாளி, தீபாவளி எல்லாத்தையும் சேத்து 40 வாரம்னு வச்சுக்கோங்க. "தினம் 1000 எழுதுவேன்"னு ஜனவரி 1ஆம் தேதி எறங்குறவங்கள நான் நெறைய பாத்துட்டேன், நானே அப்படி ரெண்டு ஜனவரி எறங்கியிருக்கேன்.

என் நேரம் காலையில 5லேர்ந்து 5.45. அதுக்கப்புறம் இட்லி, ஸ்கூல் பஸ். அந்த முக்கா மணி நேரத்துல "எங்க விட்டோம்"னு யோசிச்சாலே 20 நிமிஷம் போயிடும், அதனால முந்தின நாள் ராத்திரியே அடுத்த காட்சிய ஒரு வரியில எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டு படுத்துடுவேன். "கமலா சாவியத் தேடுறா, ஆனா அவளுக்கு அது கெடைக்கக்கூடாது"ன்னு ஒரு நாள் ஒட்டியிருந்தேன், அத்தை ரொம்ப சீரியஸா "யாரு கமலா, நம்ம வீட்டு சாவி அவகிட்ட எப்படி போச்சு"ன்னு கேட்டாங்க.

வேலைய மூணாப் பிரிச்சது எனக்கு நல்லா கைகொடுத்துச்சு. தலை வேலை, கை வேலை, கால் வேலை. புதுசா எழுதுறது, வெட்டித் திருத்துறது தலை வேலை, அதுக்கு காலை நேரம் மட்டும்தான், ராத்திரி 10 மணிக்கு மேல நான் எழுதினதுல பாதிய காலையில அழிச்சிருக்கேன். பிரிண்ட் எடுத்து செவப்பு பேனாவால குறிச்ச திருத்தத்த கம்ப்யூட்டர்ல ஏத்துறது, ற ர சரிபாக்குறது, எந்தப் பாத்திரத்துக்கு என்ன வயசுன்னு பட்டியல் போடுறது இதெல்லாம் கை வேலை, பெரியவ ஹோம்வொர்க் பண்றப்ப அதே மேஜையில பண்ணலாம், நடுவுல பின்னம் சொல்லிக் குடுத்துட்டு வந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. போன், ஐஎஸ்பிஎன்ங்கிற புத்தக அடையாள எண், பேங்க், கூரியர் இதெல்லாம் கால் வேலை, ஆபீஸ் லஞ்ச் நேரத்துல முடிங்க.

இந்த லஞ்ச் நேரத்துக்கு ஒரு காரணம் இருக்கு. சென்னை நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி, அச்சகம் காலையில 10 மணிக்குத் தொறந்தா நமக்கு 12.30, சரியா சாப்பாட்டு நேரம். நாமளா கூப்பிடலைன்னா அவங்க வேலையெல்லாம் முடிச்சுட்டு சாயந்தரம் 7 மணிக்குத்தான் கூப்பிடுவாங்க, நமக்கு அப்ப 9.30, பிள்ளைங்கள படுக்க வைக்கிற நேரம், ஒரு கையில போனும் இன்னொரு கையில சின்னவனோட பைஜாமாவுமா நின்னு அட்டைக்கு மேட்டா கிளாஸியான்னு முடிவு பண்ணியிருக்கேன். வாட்ஸ்அப்ல மொதல் நாளே "மதியம் சிங்கப்பூர் 12.30க்கு நானே கூப்பிடுறேன்"னு போட்டுடுங்க, மரியாதையா ஒத்துக்குவாங்க.

காலையில எந்திரிக்கவே முடியாதுங்கிறவங்களுக்கு எம்ஆர்டி ரயில் இருக்கு. செங்காங்லேர்ந்து ஹார்பர்ஃபிரண்ட் வரைக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம், நின்னுக்கிட்டே ஒரு கட்டைவிரல்ல 100 சொல்லு அடிக்கலாம். குரல்ல சொல்லி எழுத வைக்கிறதும் தமிழுக்கு இப்ப பரவால்ல, முற்றுப்புள்ளி கேள்விக்குறியெல்லாம் நாமதான் அப்புறம் போடணும், ஆனா உரையாடலுக்கு ரொம்ப நல்லது, பேச்சு பேச்சாவே வந்து விழும். நான் புளோக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தளத்துல, வாய்ட் டெக்ல, நடந்துக்கிட்டே ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டைய சொல்லிக்கிட்டு இருந்தப்ப பக்கத்து புளோக் அங்கிள் ஒருத்தர் வந்து "என்னம்மா, வீட்ல எல்லாம் ஓகேவா"ன்னு கேட்டாரு, அதனால சண்டைக் காட்சிய மட்டும் வீட்லயே வச்சுக்கோங்க.

ஆபீஸ்லயும் கேட்டுப் பாக்கலாம். 2024 டிசம்பர் 1லேர்ந்து நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு வேணும்னு முறையா எழுதிக் குடுத்தா ரெண்டு மாசத்துக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும்னு அரசாங்கம், முதலாளிங்க, தொழிற்சங்கம் சேந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி இருக்கு. குடுத்தே ஆகணும்னு இல்ல, பரிசீலிக்கணும் அவ்வளவுதான். நாவல் எழுதணும்னு கேக்காதீங்க, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பணும்னு கேளுங்க, அதுவும் உண்மைதானே.

நான் விட்டது ராத்திரி சீரியலும் துணி அயர்ன் பண்றதும். பிள்ளைங்க என்னைக் கூப்பிடலாமான்னா, காலை 5.45 வரைக்கும் ரத்தம், நெருப்பு, பாத்ரூம் இந்த மூணுக்கு மட்டும் கூப்பிடலாம்னு பேச்சு. சின்னவனுக்கு ராத்திரி தமிழ்ல கதை படிச்சுக் காட்டுற 20 நிமிஷத்துல மட்டும் நான் கை வைக்கல, நீங்களும் வைக்காதீங்க. என் கையெழுத்துப் பிரதியில ஒரு அத்தியாயத்த அவனுக்கு படிச்சுக் காட்டினப்ப "அம்மா, இதுல யாருமே சாப்பிடவே இல்ல"ன்னான். போய் பாத்தா 60 பக்கமா ஒருத்தரும் வாயில ஒரு வாய் போடல!

இப்ப எல்லாரும் மழுப்புற விஷயத்துக்கு வரேன், வீட்டு ஆளுங்கள கதையில எழுதுறது. சிங்கப்பூர்ல தமிழ் எழுத்து உலகம் சின்னது, தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, ஒரு நடை நடந்தா நம்ம நாவலப் படிச்ச ரெண்டு பேராவது எதிர்ல வருவாங்க, அவங்களுக்கு உங்க மாமியாரையும் தெரியும். என் நாவல்ல ஒரு மாமியார் பிளாஸ்டிக் பைகளையெல்லாம் முக்கோணமா மடிச்சு பிஸ்கெட் டின்னுல அடுக்கி வைப்பாங்க. அது அப்படியே எங்க அத்தை. நான் அன்பாத்தான் எழுதினேன், ஆனா அதே பாத்திரம் பின்னாடி ஒரு எடத்துல மருமகளோட நகைய ஒளிச்சு வைக்குது, அது முழுக்க கற்பனை, படிக்கிறவங்களுக்கு அது தெரியுமா. பை உண்மைன்னா நகையும் உண்மைன்னுதான் நெனைப்பாங்க. வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தப் படிச்சுட்டு ஒரு நாள் முழுக்க பேசவே இல்ல. அதனால அந்த மாமியார ரெண்டு ஆளா ஒடைச்சேன், பை மடிக்கிறவங்க ஒருத்தங்க, நகைய ஒளிக்கிறது வேற ஒரு பெரியம்மா. பாருங்க, கதையும் அதுக்கப்புறம்தான் நல்லா வந்துச்சு. வீட்டு ஆளோட ஒரு பழக்கத்த எடுத்தா அந்தப் பாத்திரத்துக்கு வீட்டு ஆளோட உறவுமுறைய குடுக்காதீங்க, அச்சுக்குப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சம்பந்தப்பட்ட பக்கங்கள கணவனோ மனைவியோ படிச்சுடட்டும், பிள்ளைங்களோட ஸ்கூல் விஷயம் எதையும் அவங்கள கேக்காம போடாதீங்க, தொடக்கநிலை 5 படிக்கிற பொண்ணுக்கு வெக்கம் ரொம்ப ஜாஸ்தி.

அடுத்து காலண்டர். தொடக்கப்பள்ளி முடிக்கிற பிள்ளைங்க எழுதுற பிஎஸ்எல்இயோட வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட்ல, எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசி அக்டோபர்ல, அந்த வருஷம் உங்க வீட்ல அது இருந்தா ஜூலைலேர்ந்து புத்தக வேலை எதுவும் வச்சுக்காதீங்க, எழுதுறது மட்டும் நடக்கட்டும். அரையாண்டுப் பரீட்சையத்தான் 2023லேர்ந்து எல்லா வகுப்புக்கும் எடுத்தாச்சே, அதனால வருஷத்தோட முதல் பாதி முன்ன மாதிரி நெருக்கடி இல்ல. ஏப்ரல்ல தமிழ் மொழி விழா, சனி ஞாயிறுல ஒரே நேரத்துல நாலு நிகழ்ச்சி ஓடும், கூட்டம் பிரியும், ஆனா புத்தகம் வாங்குற மனநிலையில ஆளுங்க இருப்பாங்க. நான் ஜூன் லீவுல பிழைதிருத்தி, ஸ்கூல் வருஷம் முடிஞ்சு டிசம்பர் லீவுல அச்சு வேலைய வச்சுக்கிட்டு, மார்ச்ல வெளியிட்டேன்.

ஆனா பிழைதிருத்தத்த ஜூன்லயே முடிச்சும் நான் மாட்டிக்கிட்டேன். நான் யூனிகோட்ல, எந்தக் கம்ப்யூட்டர்லயும் தெரியுற பொது எழுத்துமுறையில, அடிச்சுக் குடுத்தத அச்சகத்துல அவங்களோட பழைய எழுத்துருவுக்கு மாத்தினாங்க. கடைசி பிடிஎஃப் வந்த அன்னைக்கு சின்னவனுக்கு 39 டிகிரி காய்ச்சல், ராத்திரி 1 மணிக்கு ஒரு கையால அவன் நெத்திய தொட்டுக்கிட்டே இன்னொரு கையால பக்கத்த தள்ளிப் பாத்துட்டு "ஓகே"ன்னு அனுப்பிட்டேன். 300 புத்தகம் வந்து எறங்குச்சு. ஸ்ரீதர்னு ஒரு முக்கியமான பாத்திரம், புத்தகம் முழுக்க "ஸ்ரீ" எழுத்து வெறும் கட்டமா விழுந்திருக்கு, கதாநாயகன் பேரு கட்டம்தர். அச்சகத்த மட்டும் குத்தம் சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டது நான். பிழைத்திருத்தச் சீட்டு அடிச்சு ஒவ்வொரு புத்தகத்துலயும் வைக்க வேண்டியதாப் போச்சு, பெரியவ ஒரு சீட்டுக்கு 5 காசு கேட்டா, ஹால் தரையில உக்காந்து 300க்கும் வச்சு முடிச்சு 15 வெள்ளி வாங்கிக்கிட்டா.

அதனால, பிடிஎஃப் வந்த அன்னைக்கு ஓகே சொல்லாதீங்க, ரெண்டு நாளு கழிச்சு சொல்லுங்க. ஸ்ரீ, க்ஷ, ஔகார எழுத்துங்க, கொ கோ மாதிரி ரெண்டு பக்கமும் கொம்பும் காலும் வர்ற எழுத்துங்க, மூணு புள்ளி, மேற்கோள் குறி, இதையெல்லாம் தனியா தேடிப் பாருங்க. பக்கம் வடிவமைக்கிற இண்டிசைன் மென்பொருள்ல யூனிகோட் எழுத்துருவுலயே வடிவமைக்கிற அச்சகமாப் பாருங்க, அதுல வேர்ல்ட் ரெடி கம்போஸர்னு ஒரு அமைப்பு இருக்கு, அதப் போடலைன்னா தமிழ் எழுத்து ஒடையும். முடிஞ்சா ஒரே ஒரு மாதிரிப் பிரதிய கூரியர்ல வரவழைங்க, காகிதத்துல கண்ணுல படுறது திரையில படாது.

எத்தனை காப்பி? நான் 300 அடிச்சது அகம்பாவம். ஒரு புத்தகம் 250 கிராம்னா 300 புத்தகம் 75 கிலோ, கூரியருக்கு அழுதுட்டு அப்புறம் வைக்க எடம் தேடணும். எங்க வீட்ல அது பாம் ஷெல்டர், அதாவது குண்டு விழுந்தா ஒளிஞ்சுக்க வீட்டுக்குள்ளயே கட்டின ரூம், இப்ப அதுல அரிசி மூட்டை, சைக்கிள், போன வருஷக் கொலு பொம்மை, நடுவுல என் நாவல். அந்த ரூம் கதவ மூடினா காத்தே வராது, நம்ம ஊரு ஈரத்துக்கு ரெண்டே மாசத்துல பக்கம் அலையலையா வளைஞ்சுடும். சுவத்துலேர்ந்து தள்ளி, தரையிலேர்ந்து உசத்தி வைங்க, தண்ணி உறிஞ்சுற டப்பா ரெண்டு போட்டு அது நெறைஞ்சதும் மாத்துங்க. இப்ப டிஜிட்டல்ல 50, 100 காப்பி கூட அடிச்சுத் தராங்க, ஒரு காப்பிக்கு வெல கொஞ்சம் கூடும், பரவால்ல, வீட்டுக்காரர் சைக்கிள எடுக்குறப்ப ஒவ்வொரு வாட்டியும் பெருமூச்சு விடுறத கேக்க வேண்டியதில்ல.

மின்னூல் சுருக்கமா. அமேசானோட கிண்டில்ல தமிழ் மின்னூல் போடலாம், தமிழ்ல அச்சுப் புத்தகம் அவங்க அடிச்சுத் தர்றதில்ல. அமெரிக்காவோட நமக்கு வருமான வரி ஒப்பந்தம் கிடையாது, அதனால அமெரிக்கக் கடையில வர்ற உங்க பங்குல 30 சதவீதம் பிடிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. வேல குறைவு, காசும் குறைவு, எடம் அடைக்காது.

ஐஎஸ்பிஎன் தேசிய நூலக வாரியத்துல இலவசம், உங்க பேர்லயே வாங்குங்க. புத்தகம் வெளியானதும் 4 வாரத்துக்குள்ள அச்சுப் பிரதி 2 வாரியத்துக்கு குடுக்கணும், அது சட்டம். பெட்டிய பிரிச்ச உடனே அந்த ரெண்ட எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டுங்க. நான் பூட்டல. எல்லாத்தையும் வெளியீட்டுக்கு தூக்கிட்டுப் போனேன், மிச்சம் 112, அத ஒரு தோழி வீட்ல எறக்கிட்டேன், அவங்க குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாங்க, 4 வாரம் முடிய ரெண்டு நாளுதான் இருக்கு. வீட்ல இருந்தது என் மேஜையில ஒண்ணு, அத்தைக்கு மரியாதைக்குக் குடுத்தது ஒண்ணு. அத்தை எப்படியும் தொறந்திருக்க மாட்டாங்கன்னு அவங்க அலமாரியத் தொறந்து எடுத்தேன், அதுல 63ஆம் பக்கம் முக்கோணமா மடிச்சிருந்துச்சு. சத்தமில்லாம திரும்ப வச்சுட்டு, எதுத்த வீட்டுக்காரங்ககிட்ட போய் அவங்க காப்பியக் கடன் வாங்கிட்டு வந்தேன்.