விவசாய டிகிரி: விருப்ப வரிசையில் எந்தக் கம்பஸை மேலே எழுதுவது?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் கொழும்பு மாணவர்கள் பலர் தேடுவது "கொழும்பு கம்பஸில் விவசாயபீடம்". அப்படி ஒரு பீடம் கொழும்பு நகரில் இல்லை. இந்தப் படிப்புக்கு ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டும் என்பதை வீட்டிலே முதலில் பேசி முடியுங்கள்.

படி 1: மாவட்டம். இசட் புள்ளியை (உயர்தரப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் எண்) எந்த மாவட்ட வெட்டுப்புள்ளியோடு, அதாவது அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளியோடு, ஒப்பிடுவது? சொந்த ஊர் யாழ்ப்பாணமாக இருந்தாலும், பரீட்சைக்கு முந்திய 3 வருடமும் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ படித்திருந்தால் நீங்கள் கொழும்பு மாவட்டம்தான். பொதுவாக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த ஐந்தில் கொழும்புக்குப் பங்கில்லை.

படி 2: பாடங்கள். உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்களுக்கு மருத்துவபீடம் கிடையாது, விவசாயபீடத்துக்குத் தடையில்லை. தொழினுட்பப் பிரிவினருக்கு உயிர்முறைமைத் தொழினுட்பவியல் என்று தனிப் பட்டம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 3: பீடம் உண்மையில் எங்கே? கூடுதலானோர் பிழைவிடுவது இங்கேதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயபீடம் யாழ் நகரில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. ருகுணவுடையது மாத்தறை வெல்லமடமவில் அல்ல, கம்புறுப்பிட்டிய மாப்பலானவில். வயம்பவுடையது மாக்கந்துர, ரஜரட்டவுடையது அநுராதபுரம் புளியங்குளம். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாறுமூலை. பேராதனை மாணவர்கள்கூட ஒரு பகுதிக் காலத்தை மகாஇலுப்பள்ளமவில், வெயிலும் வயலுமாகக் கழிக்கிறார்கள்.

இடம் மாறினால் பயிரும் மாறும். நெல், உலர்வலயப் பயிர், நீர்ப்பாசனம் என்றால் கிளிநொச்சியும் புளியங்குளமும். தேயிலைத் துறையில் வேலை தேடுபவர் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் பாடநெறிகளையும் பார்க்க வேண்டும். தென்னைக்கு மாக்கந்துர வசதி. தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் லுணுவிலவும் பக்கம்தான்.

படி 4: விருப்ப வரிசை. "புள்ளி காணாது" என்று பயந்து, விரும்பிய இடத்தைக் கீழே தள்ளாதீர்கள். தெரிவு மேலிருந்து கீழே பார்த்துத்தான் நடக்கும். எட்டாத ஒன்றை முதலில் எழுதுவதால் நட்டமில்லை. விரும்பாத ஒன்றை மேலே எழுதி அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே எழுதியவை கணக்கிலே வராது. பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. கொழும்பு வாட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கையேட்டை மட்டும் பாருங்கள். அண்ணாவின் பழைய கையேட்டில் பாடநெறிக் குறியீடுகள் வேறாக இருக்கலாம்.

படி 5: மொழி. கிளிநொச்சியானாலும் மாப்பலானவானாலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். தமிழ்மூலத்தில் படித்தவர் பெறுபேறுக்கும் அனுமதிக்கும் இடையிலுள்ள மாதங்களில் தாவரவியல், மண்ணியல் சொற்களையாவது ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளட்டும். முதல் செமஸ்டரில் சறுக்குவது பெரும்பாலும் பாடத்தால் அல்ல, மொழியால்.

அரச அனுமதி கிடைக்காமல் தனியார் நிறுவனமோ கோயம்புத்தூரோ என்று யோசித்தால், பணம் கட்டுமுன் பட்டத்தின் அங்கீகாரத்தை ஆணைக்குழுவிடமே கேளுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரத்தையும் பாருங்கள். விளம்பரத் தாளிலுள்ள முத்திரைப் படம் போதாது, கடிதமாகக் கேட்டு வாங்குங்கள்.