நகராட்சி நாய்க் காப்பகத்தில் சேரும் மருத்துவருக்கு

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து வெளியே வந்தபோது எனக்குக் கறவை மாட்டின் மடி தெரியும், முட்டைக்கோழியின் ஈரல் தெரியும். நாற்பது நாய்கள் ஒரே நேரத்தில் குரைக்கும் தகரக் கொட்டகைக்குள் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் தெரியாது. ஒன்பது வருடமாகக் கொங்கு நாட்டில் ஒரு நகராட்சிக் காப்பகத்தில் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "அக்கா, முதல் மாதம் என்னென்ன பார்க்க வேண்டும், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் உங்கள் தடுப்பூசி. வெறிநாய்க்கடி வருமுன் போட்டுக்கொள்ளும் ஊசி மூன்று தவணை: முதல் நாள், 7-ஆம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள். உங்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டால் போதாது. வலை வீசும் அண்ணன்மார், கூண்டு கழுவும் அக்கா, வண்டி ஓட்டுநர் என்று அத்தனை பேருக்கும் போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஓட்டுநருக்கு எதற்கு என்று அலுவலகத்தில் கேட்பார்கள். வண்டிக் கதவைத் திறப்பவர் அவர்தான் என்று சொல்லுங்கள். கூண்டுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு குழாயும் சோப்பும் இருக்க வேண்டும். கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். முன்பே ஊசி போட்டவர் என்றாலும் அன்றும் மூன்றாம் நாளும் அரசு மருத்துவமனைக்குப் போய் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். "பல்லுதான் பட்டது, ஒன்றும் ஆகாது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நானே கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

எந்தக் கூண்டுக்கு முதலில் போவது

நான் செய்த பெரிய தவறு இதில்தான். சேர்ந்த மூன்றாவது வாரம், காலையில் வந்ததும் நோய்ப்பட்ட நாய்களை முதலில் பார்ப்பதுதான் நியாயம் என்று எண்ணித் தனிக் கொட்டகைக்குப் போனேன். அங்கே இரத்தபேதியோடு ஒரு குட்டி கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, அதே செருப்போடு குட்டிகளின் அறைக்குள் போனேன். ஐந்தாறு நாளில் அந்த அறையில் வாந்தி தொடங்கியது. பார்வோ வைரஸ். ஏழு குட்டிகளில் ஆறு போய்விட்டன. செருப்பின் அடியில் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அன்றிலிருந்து எங்கள் காப்பகத்தில் ஒரே வரிசைதான். முதலில் குட்டிகள், அடுத்து நலமான நாய்கள், பிறகு கருத்தடை அறுவை முடிந்து படுத்திருப்பவை, அதற்குப் பிறகு சொறி பிடித்தவை, கடைசியாகத் தனிக் கொட்டகை. அங்கே போய்விட்டால் குளிக்காமல் திரும்பக் கூடாது. தனிக் கொட்டகைக்குத் தனிச் செருப்பு, தனி வாளி, தனித் துடைப்பம். வாளிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டோம். ஆள் மாறினாலும் வாளி மாறாது.

பினாயில் வாசம் அடித்தால் சுத்தம் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பார்வோ வைரஸ் பினாயிலுக்குச் சாகாது. தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முதலில் கழிவை அள்ளி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பத்து லிட்டர் வாளிக்கு ஐம்பது கிராம் போதும். மலத்தின் மேலேயே பவுடரைத் தூவுவது வீண். அழுக்கு இருந்தால் குளோரின் வேலை செய்யாது. அன்றன்றைக்குப் புதிதாகக் கரையுங்கள். வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் வீரியம் இருக்காது.

காற்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று நம் பக்கம் மேற்கிலிருந்து வீசும். டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் வந்த நாய் தும்மினால் கிருமி அந்தக் காற்றோடு போகும். அதனால் தனிக் கொட்டகை கிழக்கு ஓரத்தில் இருக்க வேண்டும், குட்டிகளின் அறை மேற்கில். எங்கள் கட்டிடம் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு வருடம் மனு எழுதி அறைகளை மாற்றினேன். நீங்கள் சேரும் முதல் நாளிலேயே திசை பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்த நாய்

வந்த அன்றே கத்தியை எடுக்க வேண்டாம். ஒரு நாள் கூண்டில் விட்டு, ஐந்து நிமிடம் வெளியே நின்று பாருங்கள். தண்ணீர் குடிக்கிறதா, ஒரு காலை ஊன்றாமல் நிற்கிறதா, தலை ஒரு பக்கம் சாய்கிறதா, தாடை துடிக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஈறைப் பாருங்கள். நம் ஊரில் உண்ணி இல்லாத தெருநாய் அரிது. ஈறு வெளுத்து, அடிவயிற்றில் ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகப்படுங்கள். அந்த நாயின் இரத்தம் சரியாக உறையாது. மேசையில் ஏற்றினால் இரத்தம் நிற்காமலேயே போய்விடும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின், 28 நாள், வயிற்றில் ஏதாவது இருக்கும்போது கொடுங்கள். "ஒரு கூண்டை ஒரு மாதம் அடைத்து வைக்கிறீர்களே" என்று மேலிருந்து கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், நாயை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போல வளர்ந்து இரத்தம் சொட்டும் கட்டியை டி.வி.டி (TVT, கலவியில் தொற்றும் கட்டி) என்போம். பார்க்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் குணமாகும். வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் போட்டால் நான்கைந்து வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். இரத்தக் குழாய்க்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த இடத்துச் சதை அழுகும் என்பதால், ஊசி சரியாக இரத்தக் குழாயில்தான் இருக்கிறதா என்று சலைன் விட்டுச் சோதித்த பிறகே மருந்தை ஏற்றுங்கள்.

தொண்டையில் எலும்பு

ஒரு மத்தியான வேளையில் ஒரு ஆத்தா தன் வீட்டு நாயைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கூடவே பேரன், எட்டு வயது இருக்கும். "தொண்டையில் எலும்பு சிக்கிக்கிட்டதுங்க கண்ணு, ரெண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லை" என்றார். நாயின் கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் நூலாக இறங்கிச் சாக்கை நனைத்திருந்தது. கண்ணில் கோபம் எதுவும் இல்லை, தூக்கம் வந்தது போல ஒரு மயக்கம்தான். முனகியபோது குரல் கரகரத்து மாறியிருந்தது. உதவியாளர் வாயைத் திறந்து பார்க்கக் கையை நீட்டினார். அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

வெறி பிடித்த நாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஊமை வெறி இப்படித்தான் வரும். தாடைத் தசை செயலிழந்து வாய் மூடாது, விழுங்க முடியாது. பார்ப்பவருக்கு எலும்பு சிக்கியது போலவே தோன்றும், இரக்கத்தோடு வாய்க்குள் கையை விடுவார்கள். "யாராவது வாய்க்குள் கைவிட்டீர்களா?" என்று கேட்டேன். பேரன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் விரலில் பென்சில் சீவியபோது பட்ட வெட்டு ஒன்று ஆறாமல் இருந்தது.

அப்போது செய்ய வேண்டியது இதுதான். நாயைத் தனிக் கூண்டில் போட்டுப் பூட்டுங்கள். வந்தவர்களைக் குழாயடிக்கு அழைத்துப்போய் நீங்களே நின்று கையைக் கழுவ வையுங்கள். வீட்டில் யார் யார் நாயைத் தொட்டார்கள், யார் முகத்தை நக்கியது, யார் சோறு ஊட்டப் பார்த்தார்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள். ஒரு தாளில் "வெறிநோய் சந்தேகம், காயத்தில் எச்சில் பட்டிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அந்தத் தாள் இருந்தால்தான் அங்கே தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனே காக்கும் எதிர்ப்பு மருந்து) தாமதமின்றிக் கிடைக்கும். ஊசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாள்களில். நான்காவது ஊசி போட்டாயிற்றா என்று போனில் கேட்கும்வரை உங்கள் வேலை முடியவில்லை. அந்த நாய் மூன்றாம் நாள் இறந்தது. மூளை மாதிரியில் வெறிநோய் உறுதியானது. பையன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான்.

சந்தேகம் வந்த நாயைத் தனியாக வைத்து, அது தானாக இறக்கும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2023-இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதி. பிழைக்கவே வழியில்லாத காயம், தீராத நோய் என்றால் பென்டோபார்பிடல் கொடுத்து வலியின்றி முடிக்க விதி இடம் தருகிறது. அந்த வேலையை உதவியாளரிடம் விடாதீர்கள். தலையைத் தடவிக்கொண்டே நீங்களே செய்யுங்கள்.

அறுவை முடிந்த பிறகு

அறுவை முறையைக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதில் நான் சேர்க்க அதிகமில்லை. சூற்பையின் தண்டில் போடும் முடிச்சை இரண்டாகப் போடுங்கள். மயக்கம் தெளிவதற்குள் காதில் 'வி' வடிவ வெட்டை முடித்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் அதே நாயை அடுத்த வருடமும் பிடித்து வந்து வயிற்றைத் திறப்பார்கள்.

நாய்கள் சாவது மேசையில் மட்டும் அல்ல, அதற்குப் பிந்தைய சில மணி நேரத்திலும்தான். கீட்டமைன் மயக்கத்தில் கண் மூடாது. விழி காய்ந்து புண்ணாகும். அறுவைக்கு முன்பே கண்ணில் களிம்பு போடுங்கள். மார்கழி மாதச் சிமெண்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இரண்டு சணல் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பக்கவாட்டில் படுக்க வைத்து, நாக்கை வெளியே இழுத்துவிடுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். எங்கள் காப்பகத்தில் கூண்டு கழுவும் அக்கா இதைச் செய்கிறார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட்டு, ஈறை அமுக்கி, வெளுத்த இடம் சிவக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு முறை உள்ளே இரத்தம் கசிவதை என்னைவிட முன்னால் கண்டுபிடித்தவர் அவர். நாய்களோடு நாள் முழுக்க இருப்பவர்கள் சொல்லும் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள்.

முகவரி எழுதும் நோட்டு

பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்பது விதி. "பஸ் நிலையம் பின்புறம்" என்று எழுதினால் அது முகவரி ஆகாது. நாங்கள் மின்கம்பத்தின் எண்ணை எழுதுகிறோம். எந்தக் கம்பத்தடி, எதிரில் எந்த மளிகைக் கடை, அந்த நாய்க்கு யார் சோறு வைக்கிறார்கள் என்பது வரை. வேறு தெருவில் விட்ட நாயை அந்தத் தெரு நாய்கள் கடித்துக் குதறும். அது விட்டுப்போன இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அதனால் நீண்ட நாள் தங்கும் நாய்களுக்கும் இப்போது இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அவற்றை அறுவைக்கு வந்து போகும் நாய்களோடு கலக்காதீர்கள். தினம் ஒரு முறையாவது கூண்டுக்கு வெளியே நடக்க விடுங்கள்.

பட்டிக்காரர்கள் வரும்போது

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் செத்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு சாலை மறியல் செய்ததைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் காப்பகத்து வாசலுக்கும் வருவார்கள். நானே கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) மேச்சேரி இன ஆடு மேய்க்கும் வீட்டில் பிறந்தவள். கிளுவை வேலியில் ஒரு சந்து கிடைத்தால் போதும், நாலு நாய் நுழைந்து ஒரே இரவில் பட்டியைக் காலி செய்துவிடும். காலையில் அப்பா பட்டிக்கு நடுவே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. ஆகவே அவர்களிடம் சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். உட்கார வைத்து, "எத்தனைங்கண்ணா போச்சு? சினை ஆடு இருந்ததா?" என்று கேளுங்கள்.

பிறகு, புதைப்பதற்கு முன் அந்தப் பகுதிக் கால்நடை மருந்தகத்து மருத்துவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைக்கச் சொல்லுங்கள். கடிபட்ட கழுத்தையும் பின்தொடையையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பரிசோதனைச் சான்று இல்லாமல் இழப்பீடு கேட்டு எங்கும் போக முடியாது. தப்பிப் பிழைத்த ஆடுகளுக்குப் புழு வைக்காமல் பார்க்கச் சொல்லுங்கள், கடிபட்டவற்றுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வழி செய்யுங்கள். அடுத்த நாளே வலைக்காரர்களோடு அந்தக் காட்டுக்குப் போங்கள். சுற்று வட்டாரத்தில் செத்த கறிக்கோழியையோ இறைச்சிக் கடைக் கழிவையோ எங்கே கொட்டுகிறார்கள் என்று தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். அதைக் குழி வெட்டிப் புதைக்கச் செய்யாமல் நாயை மட்டும் பிடித்தால், மூன்று மாதத்தில் அதே அண்ணன் மறுபடி வருவார்.

நாயைத் திரும்ப விடுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் வண்டி இருக்காது, பள்ளிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கம்ப எண்ணைச் சரிபார்த்து, தையலை ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்து, கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். சில நாய் பாய்ந்து ஓடும். சில நாய் இறங்கியதும் தரையை முகர்ந்து, கம்பத்தடியில் காலைத் தூக்கிவிட்டு, தனக்குச் சோறு வைக்கும் வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, ஐந்து நாளைக்குத் தையலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.