சென்சார் பட்டியல் சட்டென்று வர ஒரு வழி

ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைவரிக் கருவியை வைத்து சர்வர்களின் வெப்பநிலை, விசிறி வேகம் பார்ப்பவர்கள், முதலில் ஒரு தடவை ‘எஸ்டிஆர் டம்ப்’ கட்டளையால் சென்சார் விவரங்களை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். அடுத்த முறையிலிருந்து கட்டளையோடு பெரிய எழுத்து ‘எஸ்’ விருப்பத்தில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்.

சென்சாரின் பெயர், அலகு, எச்சரிக்கை வரம்பு எல்லாம் சர்வரைக் கண்காணிக்கும் பிஎம்சி என்ற தனிச் சில்லுக்குள் தனித்தனிப் பதிவுகளாக இருக்கின்றன. கோப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அத்தனை பதிவுகளையும் சிறு சிறு துண்டுகளாகக் கேட்டு வாங்க வேண்டும். நெட்வொர்க் வழியாக, அதுவும் 623ஆம் யுடிபி போர்ட்டில், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். உண்மையில் மாறுவது அளவீடு மட்டும்தான், அதை மட்டும் கேட்டால் காத்திருப்பு வெகுவாகக் குறைகிறது. நிகழ்வுப் பதிவைச் சென்சார் பெயரோடு காட்டும் ‘செல் ஈலிஸ்ட்’ கட்டளைக்கும் இதே கோப்பு உதவும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் அவசியம் செய்ய வேண்டியது இது.

பிஎம்சியின் ஃபர்ம்வேரை (சில்லுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தாலோ, சென்சார் உள்ள பாகங்களைக் கூட்டிக் குறைத்தாலோ பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். இல்லையென்றால் தவறான பெயரில் தவறான எண் வரும், அது ஆபத்து. ஒரு மாடலின் கோப்பை இன்னொரு மாடலுக்குப் பயன்படுத்தவே கூடாது. வரிசை எண், பாக எண் போன்ற எஃப்ஆர்யு (கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள்) சரக்கு விவரங்கள் இந்தக் கோப்பில் அடங்காது, அவற்றை நேரடியாகத்தான் படிக்க வேண்டும். ஃப்ரீஐபிஎம்ஐ என்ற இதே வகை மாற்றுக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம், அது தானாகவே சேமித்துக்கொள்ளும்.