மாமரத்தடியில் நின்ற காரும் போகாத பிசுக்கும்

மாசி மாதம், மா பூத்திருந்த நேரம். மரத்தடியில் நிறுத்திய காரின் கூரையிலும் கண்ணாடியிலும் பொடிப்பொடியாகப் பிசுபிசுப்புப் புள்ளிகள். மரத்துப் பிசின் என்றே நினைத்தேன்.

முதலில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பளபளப்பு வந்தது, புள்ளி அப்படியே இருந்தது. அப்புறம் பாலிஷ். இரண்டு நாள் கை வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலையில்தான் கவனித்தேன்: கூரை மேல் எறும்பு வரிசை. பிசினுக்கு எறும்பு ஏன் வரப்போகிறது? அண்ணாந்து பார்த்தால் பூங்கொத்து முழுக்கத் தத்துப்பூச்சி. சாற்றை உறிஞ்சி அது கழிக்கும் தேன் போன்ற திரவம்தான் சொட்டியிருக்கிறது. அது சர்க்கரை, எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த பழைய துண்டை நிழலில் பத்து நிமிடம் போர்த்தி வைத்தேன். தேய்க்கவே வேண்டாம், வழித்தாலே வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் முன்பக்கம் அப்பிய பூச்சிகளுக்கும் இதே ஈரத்துண்டுதான், கொஞ்சம் கார் ஷாம்பு சேர்த்து. நிஜப் பிசினாக இருந்த ஒரே ஒரு பொட்டுக்கு மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற கரைப்பான் தேவைப்பட்டது. பெரிய நிம்மதி.

பூ உதிரும்வரை கார் தெருவில்தான் நிற்கிறது.