கட்டணம் தருபவர் ஒருவர், எதிரே உட்காருபவர் வேறொருவர்: ஊர்களில் சூழல் கல்வி நடத்தப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பல வருடங்களாகத் தனியாளாகச் சூழல் கல்வி நடத்தி வருகிறேன். எந்த அமைப்பிலும் மாதச் சம்பளம் கிடையாது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் போன் செய்து, எப்படிப் பேசுவது, என்ன ஸ்லைடு போடுவது என்று கேட்பார்கள். பேச்செல்லாம் நாலு கூட்டத்தில் பழகிவிடும். தடுக்கி விழுவது வேறு இடத்தில்.

டியூஷன் வாத்தியாருக்குப் பெற்றோர் காசு கொடுக்கிறார்கள், பிள்ளை படிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுகிறார்கள். நமக்குக் கட்டணம் தருவது ஒரு கம்பெனியோ தொண்டு நிறுவனமோ. எதிரே பாயில் உட்காருவது நூறு நாள் வேலை முடித்து வந்த அக்காக்களும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும். காசு தருபவருக்கு அறிக்கையும் போட்டோவும் போதும். பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் செய்ததும் பார்த்ததுமான தவறுகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொண்டதால் வந்தவை.

மார்ச் மாதத்துக் கன்றுகள்

2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சிஎஸ்ஆர் நிதி என்பது இதுதான். கணக்கு மார்ச் 31-இல் முடியும். ஆகவே வருடம் முழுக்கச் சும்மா கிடந்த போன் பிப்ரவரி கடைசியில் அடிக்கத் தொடங்கும். "சார், ஐந்நூறு கன்று, ரெண்டு ஊரு, மார்ச் இருபதுக்குள்ள முடிச்சிரலாமா?"

தென்மாவட்டங்களில் நம்பி நடக்கூடிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்ச்சில் நட்ட கன்று ஆறேழு மாதம் வெயிலைத் தாண்டியாக வேண்டும். அதற்குத் தண்ணீர் ஊற்றப்போவது கம்பெனி அதிகாரியா? குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் ஊரில் கன்றுக்குக் குடம் எங்கிருந்து வரும்? எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் முதல் மூன்று வருடம் மார்ச்சில்தான் நட்டேன், ஏனென்றால் அந்த மாதத்தில்தான் காசு வந்தது.

இப்போது மார்ச் பணத்தில் வேறு வேலை செய்கிறேன். நாற்றங்கால் போடலாம், விதை சேகரிக்கலாம், பிள்ளைகளோடு ஊர் ஏரியான கண்மாயைச் சுற்றி நடந்து, தண்ணீர் திறந்துவிடும் மடை எங்கே, மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கு எங்கே, வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று படம் வரையலாம். இதற்கும் போட்டோ கிடைக்கும், அறிக்கையும் எழுதலாம். நடவை மழைக்குத் தள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னால் பத்தில் நாலு பேராவது ஒத்துக்கொள்கிறார்கள். பனங்கொட்டை என்றால் பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் பொறுக்கி அப்போதே கரையில் ஊன்றிவிடலாம், தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது.

இன்னொன்று, நடும் இடம். வெறும் புல்தரையாகக் கிடக்கும் புறம்போக்கைப் பார்த்தால் நமக்கு உடனே கை அரிக்கும். அது ஆடு மாடு மேயும் இடமாக இருக்கும். தரையில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவைக்கும் அதுதான் வீடு. ஆடு மேய்ப்பவரைக் கேட்காமல் அங்கே குழி தோண்டினால், கன்றை ஆடு கடித்துவிட்டது என்று பிறகு புலம்புவதில் அர்த்தமில்லை.

சீமைக் கருவேலத்தின் மேல் கோபம்

தென்மாவட்டத்தில் சூழல் பேச வருகிறவர் எல்லாருக்கும் முதல் எதிரி சீமைக் கருவேலம். கோபம் நியாயமானதுதான். வேர் ஆழமாகப் போகும், பக்கத்தில் வேறு செடியை எழ விடாது, கண்மாயின் உள்வாயை அடைத்துக்கொள்ளும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். வேரோடு எடுக்காத இடங்களில் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்த்தது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இந்த மரத்தைப் பற்றி அரை மணி நேரம் முழங்கினேன். பின்னாலிருந்து ஒரு அக்கா எழுந்து, "அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியா வித்துத்தான் தம்பி எம்புள்ள காலேஜ் போகுது" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் கரிமூட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள். மழை பொய்த்த வருடங்களில் அங்கே பல வீடுகளில் அடுப்பெரிந்ததே அந்த விறகால்தான். எனக்குப் பதில் இல்லை. என்னை அனுப்பிய அமைப்பு தந்த தலைப்பு அது, ஊர் கேட்ட தலைப்பு அல்ல.

கண்மாய்க்குள்ளும் வரத்துக்கால்வாயிலும் இருப்பதை எடுப்பது, பட்டா நிலத்தில் இருப்பதைக் கரிக்கு வெட்டிக்கொள்வது, வெட்டிய இடத்தில் வேறு என்ன வைப்பது என்று பிரித்துப் பேசியிருந்தால் அந்த அக்காவே மீதிக் கூட்டத்தை நடத்தியிருப்பார். ஒரு ஊருக்குள் போகும் முன் "இதை நிறுத்தினால் யார் வீட்டு வருமானம் நிற்கும்?" என்று யாரையாவது கேட்டுவிடுங்கள். டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும்.

வாட்ஸப் அறிவியல்

அதே கூட்டத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். சீமைக் கருவேலம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஆதாரம் கிடையாது. உண்மையாகச் செய்கிற கெடுதலே போதுமானதாக இருக்கும்போது பொய்யை ஏன் சேர்க்க வேண்டும்? அரசமரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும் என்பதும் இந்த ரகம். ஆக்சிஜன் வெளிவர வெளிச்சம் வேண்டும், இரவில் எந்த மரமும் மூச்சை உள்ளேதான் இழுக்கும். சிட்டுக்குருவி குறைந்ததற்கு செல்போன் டவரே காரணம் என்பதும் மேடைக்கு மேடை ஓடுகிறது. கூடு கட்டப் பொந்தில்லாத கான்கிரீட் வீடு, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லாத தோட்டம் என்று கண்ணெதிரே காரணங்கள் இருக்கின்றன. அறிவியல் ஆசிரியர் ஒருவர் கூட்டத்தில் இருந்து ஒரு பொய்யைப் பிடித்தால் போதும், நீங்கள் சொன்ன மீதியும் அதோடு போகும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். புத்தகத்தில் உள்ள பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைத் திருத்தாதீர்கள். அவர்கள் ஒரு பறவைக்கு ஊரில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். நத்தைகுத்தி, கூழைக்கடா, முக்குளிப்பான் எல்லாம் அப்படி யாரோ பார்த்து வைத்த பெயர்கள்தானே.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்து, அரசு சட்டம் போடுவதற்கு வெகு காலம் முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காவல் காத்தார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் போய் "பறவைகளின் முக்கியத்துவம்" என்று தலைப்புப் போட்டால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். கண்மாய் விஷயத்தில் நீர் பாய்ச்சும் பெரியவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு நாம் கேள்வி மட்டும் கேட்பது நல்லது.

குப்பைக் கூட்டத்தில் இல்லாத ஆள்

மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று இரண்டு வாளியைக் காட்டிப் பேசுவது எளிது. வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலரை அந்தக் கூட்டத்துக்கு யாரும் அழைப்பதில்லை. பிரித்துக் கொடுத்தாலும் அவருடைய வண்டியில் தடுப்பு இல்லை, கொட்டும் இடத்தில் தனிக் குழி இல்லை என்றால் எல்லாம் ஒன்றாகத்தான் விழும். "நீங்க சொன்னபடி பிரிச்சோம், அவங்க ஒண்ணாக் கொட்டுறாங்க" என்ற ஒரு பேச்சு வந்துவிட்டால் அந்த ஊரில் அடுத்த கூட்டம் கிடையாது. முதல் நாளே அவரோடு காலையில் ஒரு சுற்று போய் வாருங்கள், எந்தத் தெருவில் என்ன வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெண்கள் கூட்டத்தில் பிளாஸ்டிக் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும், பெரும்பாலும் கூட்டம் கலைந்த பிறகு மெதுவாக: நாப்கினை எங்கே போடுவது? துணிப்பை பற்றி மணிக்கணக்காகப் பேசிய நான் இதற்கு முதன்முறை திருதிருவென்று முழித்தேன். அது என்னிடம் கேட்கப்பட்டதே என்னோடு ஒரு பெண் தோழர் வந்திருந்ததால்தான். தனியாகப் போயிருந்தால் அந்தக் கேள்வி இருப்பதே தெரிந்திருக்காது. இன்னொரு கேள்வி, 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை என்கிறீர்களே, பால் பாக்கெட் மட்டும் எப்படி என்பது. பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அந்த ஆணையில் விலக்கு உண்டு. இதைச் சொல்லத் தெரியாமல் நின்றால், பெட்டிக்கடைக்காரருக்கு மட்டும்தான் சட்டமா என்று சண்டைக்கு வருவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

நேரம் பற்றி ஒரு வரி. காலை பதினொரு மணி கம்பெனிக்காரர்களுக்கு வசதி. ஊரில் அந்த நேரத்தில் இருப்பவர்கள் முதியவர்களும் நாய்களும்தான்.

அனுமதியும் தண்ணீரும்

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் தெரிந்தவர் என்று நேரே போய் நிற்காதீர்கள். சென்னைப் பள்ளி ஒன்றில் வெளியாள் பேசிய பேச்சு 2024 செப்டம்பரில் சர்ச்சையான பிறகு கெடுபிடி கூடிவிட்டது. கல்வி அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி கையில் இல்லையென்றால், பின்னால் மாட்டிக்கொள்வது உங்களை உள்ளே விட்ட அந்த நல்ல மனிதர்தான். கண்மாயில் வேலை என்றால் அது யாருடையது என்று பார்க்க வேண்டும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளது நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம். ஊர்க் கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22-ஆம் தேதி கூட்டம் உலகத் தண்ணீர் தினத்தில் வருகிறது, நமக்கு அதைவிடப் பொருத்தமான நாள் அமையாது.

பிள்ளைகளைத் தண்ணீருக்கு அருகே கூட்டிப் போவதில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். மண் அள்ளிய கண்மாயில் மேலே முழங்கால் தண்ணீர்போலத் தெரியும், ஓரடி தள்ளி இரண்டாள் ஆழப் பள்ளம் இருக்கும். மழைக்குப் பிறகு அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. கோடையில் வறண்டிருக்கும்போது ஒருமுறை நடந்து பார்த்திராத கண்மாய்க்கு மழைக்காலத்தில் பிள்ளைகளை நான் கூட்டிப் போவதில்லை. கரையிலிருந்தே பைனாகுலரில் பார்த்துக்கொள்ளட்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், நீச்சல் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர், கயிறு ஒன்று. இதைச் செலவு என்று வெட்டச் சொல்லும் நிகழ்ச்சியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாம்பைக் கையில் பிடித்துக் காட்டுவது, கிளி, நட்சத்திர ஆமை கொண்டுவந்து தொடச் சொல்வது எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டப்படி உங்களைச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சரி, காசு

சேவை மனப்பான்மை என்று சொல்லி முதல் நிகழ்ச்சியை இலவசமாகச் செய்தால், இரண்டாவதையும் அதே கணக்கில்தான் கேட்பார்கள். ஒரு நாள் நிகழ்ச்சி என்பது நமக்கு மூன்று நாள்: முன்னால் போய் ஊரைப் பார்த்து வர ஒரு நாள், நிகழ்ச்சி ஒரு நாள், பிறகு திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு நாள். மூன்றுக்கும் சேர்த்துக் கட்டணம் எழுதுங்கள். மூன்றாவது நாளை வெட்டச் சொல்வார்கள். அங்கேதான் பேரம் பேச வேண்டும்.

சிஎஸ்ஆர் திட்டத்தைத் தனிநபர் நேரடியாக எடுத்து நடத்த முடியாது, அதற்கென்று பதிவு செய்த அறக்கட்டளையோ சங்கமோ வேண்டும். அவர்களுக்குப் பயிற்றுநராக நாம் பில் கொடுக்கலாம். கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடிக்கும்போது முகம் சுளிக்காதீர்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், வரி வரம்புக்குள் வராதவர்கள் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். பல வருடம் தாக்கல் செய்யாமலே விட்டு அந்தக் காசை இழந்தவன் நான். கணக்குப் பிரிவில் ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பொதுவாகத் தேவையில்லை. நமக்கு அது தாண்டப் போவதில்லை, கவலைப்படாதீர்கள்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் உண்டு. ஒரு ஆலையின் கழிவு பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த ஆலையின் பெயர் போட்ட தொப்பியோடு அங்கே நீர் பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கேள்வி நேரத்தில் யாரும் எதுவுமே கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊருக்கு வேறு பெயரில் போனாலும் தொப்பிக்காரர் என்றுதான் அழைத்தார்கள்.

திரும்பிப் போவதைச் சொன்னேன் அல்லவா. முதல் மூன்று வருடத்தில் மார்ச்சில் நட்ட ஊர்களில் ஒன்றுக்கு, எட்டு மாதம் கழித்து வேறு வேலையாகப் போயிருந்தேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து வரிசையாக நட்ட இடத்தில் ஒரு கன்றும் இல்லை. கம்பெனி பெயர் எழுதிய இரும்புக் கூண்டுகளில் ஒன்று மட்டும் ஒரு வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே கோழிக்குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "கன்று சித்திரையிலயே காஞ்சு போச்சு தம்பி," என்றார், "ஆனா கூண்டு நல்ல கூண்டு. இன்னும் ரெண்டு கிடைக்குமா?"