பவர் ஏஜென்ட்டோடு கைகோத்த மூன்றாம் நபர் மீது பிராது (வாதி தாக்கல் செய்யும் வழக்குரை) எழுதுவது எப்படி?

வெளிநாட்டில் இருப்பவர் தன் நிலத்துக்காக உறவினர் ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிக் கொடுக்கிறார். ஏஜென்ட்டான அந்த உறவினர் நிலத்தைத் தன் மைத்துனர் பெயருக்கே கிரையம் செய்துவிடுகிறார். ஏஜென்ட் மீதான வழக்கை எழுதுவது எளிது. ஆனால் நிலம் இப்போது மைத்துனர் பெயரில் இருக்கிறது. அவரைக் கட்டுப்படுத்தாத தீர்ப்பால் நிலம் திரும்பாது. இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது மூன்றாம் நபரைப் பற்றிய பத்திகளில்தான்.

முதலில் நம்பிக்கைக் கடமையை, அதாவது பிறருக்காகச் செயல்படுபவர் அவர் நலனையே பார்க்க வேண்டிய கடமையை, நிலைநாட்டுங்கள். இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், 1882-இன் 88-ஆம் பிரிவு ஏஜென்ட், பங்குதாரர், கம்பெனி இயக்குநர், சட்ட ஆலோசகர் ஆகியோரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பவர் பத்திரத்தின் தேதி, ஆவண எண், சார்பதிவாளர் அலுவலகம், கொடுத்த அதிகாரத்தின் எல்லை இவற்றை ஒரே பத்தியில் வையுங்கள். அடுத்த பத்தியில் மீறல்: யாருக்கு விற்றார், என்ன விலைக்கு, பணம் எங்கே போனது.

அதன் பிறகு மூன்றாம் நபர். இவர் எந்த வகை என்பதை எழுத உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள். சொத்தையோ பணத்தையோ வாங்கியவர் ஒரு வகை. எதையும் வாங்காமல் துரோகத்துக்குத் துணை நின்றவர் இன்னொரு வகை. வாங்கியவருக்கு எதிராக அதே நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 63, 95 ஆகிய பிரிவுகள் உதவும்: சொத்து நம்பிக்கைச் சொத்தே என்று விளம்புகை (நீதிமன்றத்தின் உரிமை அறிவிப்பு) கேட்கலாம், விற்ற பணத்தையும் தடம் பிடிக்கலாம். துணை நின்றவருக்கு நம் சட்டத்தில் இப்படித் தனிப் பிரிவு கிடையாது. கூட்டுச் சதி என்று உண்மைகளைச் சொல்லி, பார்ன்ஸ் எதிர் ஆடி (1874), ராயல் புரூனை ஏர்லைன்ஸ் எதிர் டான் (1995) போன்ற ஆங்கிலத் தீர்ப்புகளை வாதத்தின்போது துணைக்கு அழைக்க வேண்டும். அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. கையில் சொத்து இல்லாத அவரிடம் இழப்பீடுதான் கேட்க முடியும். பழைய மாதிரிப் பிராதுகளில் அதே சட்டத்தின் 94-ஆம் பிரிவு இருந்தால் அடித்துவிடுங்கள்; 1988-இன் பினாமி சட்டம் அதை நீக்கிவிட்டது.

வழக்கின் உயிர் இருப்பது 'தெரியும்' என்பதில். கிரையத் தொகை கொடுத்து, நல்லெண்ணத்தோடு, விஷயம் தெரியாமல் வாங்கியவரை அதே சட்டத்தின் 64, 96 ஆகிய பிரிவுகள் காப்பாற்றும். பிரதிவாதியின் எதிருரையில் வரப்போகும் முதல் வாதமும் அதுதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6-ஆம் கட்டளை 10, 11-ஆம் விதிகள் ஒருவருக்கு அறிவும் அறிவிப்பும் (தெரிந்தவராகச் சட்டம் கருதும் நிலை) இருந்ததை வெறும் உண்மையாகச் சொன்னாலே போதும் என்கின்றன. அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். அதே கட்டளையின் 4-ஆம் விதி மோசடிக்கும் நம்பிக்கை மோசத்துக்கும் விவரம் கேட்கிறது, தேவையானால் தேதியோடும் இனத்தோடும். “எல்லாப் பிரதிவாதிகளும் சேர்ந்து மோசடி செய்தனர்” என்ற வரி எந்தப் பிரதிவாதியையும் தொடாது. இப்படி எழுதுங்கள்:

“2-ஆம் பிரதிவாதி, 1-ஆம் பிரதிவாதியின் மனைவியின் உடன்பிறந்த தம்பி. கிரையத் தேதியில் இருவரும் ஒரே கதவு எண்ணில் வசித்தனர். பத்திரத்திலேயே இருவருக்கும் அந்த முகவரிதான் கண்டுள்ளது. தொகை முழுவதும் முன்பே ரொக்கமாகக் கொடுக்கப்பட்டதாக எழுதப்பட்டுள்ளது. வாதியின் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் வரவாகவில்லை. சொத்தில் வாதியின் குத்தகைதாரர் குடியிருந்தும் 2-ஆம் பிரதிவாதி அவரிடம் எதுவும் விசாரிக்கவில்லை.”

குத்தகைதாரர் பற்றிய கடைசி வரிக்குத் தனி மதிப்பு உண்டு. நேரடியாகத் தெரிந்திருந்தால் மட்டுமல்ல, வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டாலும், மிகுந்த அலட்சியமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது அறிவிப்பே. இருவருக்கு மேல் பிரதிவாதிகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் இப்படித் தனிப் பத்தி தேவை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பத்திரம் எழுதியவர் என்று எல்லாரையும் இழுத்துப் போடாதீர்கள். அவர்களுக்கு எதிராகச் சொல்ல உண்மை இல்லையென்றால் பிராதை நிராகரிக்கக் கேட்கும் 7-ஆம் கட்டளை 11-ஆம் விதி மனு நிச்சயம் வரும். அதே நேரம், வில்லங்கச் சான்றை வழக்குப் போடும் நாள்வரைக்கும் போட்டுப் பாருங்கள். மைத்துனர் அதற்குள் வேறொருவருக்கு விற்றிருந்தால் அவரும் தேவையான தரப்பினர்.

காலவரம்பில் பலர் காலவரம்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொத்து ஒப்படைக்கப்பட்ட நம்பிக்கைப் பொறுப்புக்குத்தான் காலவரம்பின்மை. கிரையம் கொடுத்து வாங்கியவருக்கு எதிராக அங்கேயும் அது உதவாது. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டால் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 59-ஆம் இனப்படி, ரத்துக்கான உண்மைகள் தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டு. ஏஜென்ட்டின் முறைகேட்டுக்கு 4-ஆம் இனத்திலும் தெரிந்ததிலிருந்து 3 ஆண்டுதான். ஆகவே எந்தத் தேதியில், எந்த ஆவணத்தால் தெரியவந்தது, அதற்கு முன் ஏன் தெரியவில்லை என்பது பிராதிலேயே இருக்க வேண்டும். மோசடியால் மறைக்கப்பட்டதற்கான 17-ஆம் பிரிவின் சலுகை வேண்டுமென்றால் மறைத்தது யார், எப்படி என்றும் சொல்லுங்கள்.

பரிகாரப் பகுதியைப் பிரதிவாதிவாரியாகப் பிரியுங்கள். ஏஜென்ட்டிடம் கணக்கு, ஒப்பந்தச் சட்டம் 213-ஆம் பிரிவு அதற்கு. வாங்கியவருக்கு எதிராகப் பத்திர ரத்து, அவர் வாதிக்காகவே சொத்தை வைத்திருக்கிறார் என்ற விளம்புகை, சுவாதீனம், அவர் சொத்தை வைத்திருந்த காலத்துக்கான இடைக்கால வருமானம். விளம்புகை மட்டும் கேட்டுச் சுவாதீனம் கேட்காமல் விட்டால் குறித்தவகைப் பரிகாரச் சட்டம் 34-ஆம் பிரிவு வழக்கையே கவிழ்க்கும். துணை நின்றவரிடம் கூட்டாகவும் தனித்தனியாகவும் இழப்பீடு. 2-ஆம் கட்டளை 2-ஆம் விதி இருப்பதால் அதே வழக்கு மூலத்தில் எழும் எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

வழக்குப் பதிவாகும் அன்றே 39-ஆம் கட்டளைப்படி விற்பனைக்குத் தடை கேளுங்கள். சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வழக்கு நடக்கும்போது வாங்குபவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. ஆனாலும் கைமாறிய பிறகு துரத்துவதற்கு ஆண்டுகள் போகும். வங்கிக் கணக்கு விவரம் கையில் இல்லையென்றால் 11-ஆம் கட்டளைப்படி வினாப்பட்டியலும் ஆவண வெளிப்பாடும் சீக்கிரமே கேட்டு, கிடைத்ததை வைத்துப் பிராதைத் திருத்துங்கள். விசாரணை தொடங்கிய பிறகு என்றால், உரிய கவனத்தோடு முயன்றும் முன்பே எழுப்ப முடியவில்லை என்று காட்டினால்தான் திருத்தம் கிடைக்கும்.