ரேடியோவை எளிமையாக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

ரேடியோ வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்கள் கொண்டுவந்து காட்டும் மாதிரிகளைப் பார்க்கும்போது, நான் தொடக்கத்தில் செய்த பிழைகளே புதிய உறை மாட்டிக்கொண்டு என் மேசைக்குத் திரும்பி வருவதுபோல் இருக்கிறது. எழுத்து சிறியது, திரை மங்கலானது போன்ற குறைகளை எவரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே குமிழில் எல்லாம்

இதைக் கண்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. 1954இல் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஒலியளவுக்கு ஒன்று, நிலையம் தேட ஒன்று என இரண்டே குமிழ்கள்தான் இருந்தன. அந்த இரண்டையும் ஒன்றாக்கினால் இன்னும் எளிமையாகிவிடும் என்று நான் நம்பினேன். திருகினால் ஒலியளவு மாறும். ஒருமுறை அழுத்திவிட்டுத் திருகினால் நிலையம் மாறும். வடிவமைப்பு அறையில் எல்லாரும் பாராட்டினார்கள். குமிழ் எப்படி வேலை செய்யும் என்பது முன்பே தெரிந்தவர்கள் மட்டும் இருந்த அறை அது.

முதல் வெளிச்சோதனையில் ஒரு மூதாட்டி செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசி ஒலித்ததும் சத்தத்தைக் குறைக்கக் குமிழைத் திருப்பினார். அது நிலையம் தேடும் நிலையில் இருந்ததால், செய்தி போய் அதே உரப்பில் இரைச்சல் வந்தது. அவர் மேலும் திருப்ப, மேலும் இரைச்சல். கடைசியில் மின்செருகியைப் பிடுங்கிவிட்டார்.

அப்போதும் நான் பாடம் கற்கவில்லை. 5 விநாடி கை படாமல் இருந்தால் குமிழ் தானாகவே ஒலியளவுக்குத் திரும்பும்படி மென்பொருளில் ஒட்டுப் போட்டேன். நிலையம் தெளிவாகக் கேட்கிறதா என்று சற்று நின்று கவனித்துவிட்டு மறுபடி திருப்பியவர்களுக்கு, ரேடியோ திடீரென்று அலறியது. திரையில் ஒரு குறியீடு வைத்தும் பயனில்லை. பழகிய குமிழைத் திருப்பும் கைக்குக் கண்ணின் துணை தேவைப்படுவதில்லை, ஆகவே ஒருவரும் திரையைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது குமிழைச் சேர்ப்பதென்று முடிவெடுத்தபோது முன்பலகைக்கான எஃகு அச்சு வெட்டப்பட்டிருந்தது. ஒரு துளைக்காக அச்சைத் திருத்தி, மின்சுற்றுப் பலகையையும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. ஓர் உதிரிப்பாகத்தின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் வந்த செலவு அது.

ஆகவே அடிக்கடி தொடும் கட்டுப்பாடு எதுவாயினும் அதற்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். எப்போதாவது தொடுவனவற்றை, உதாரணமாகக் கடிகாரம் திருத்துவதை, திரையில் வரும் பட்டியலுக்குள் (மெனு) தள்ளுவதில் எனக்கு மறுப்பில்லை.

குமிழ் சீராகத் திரும்பினால் ஒலியும் சீராக ஏறும் என்று நினைப்பது

நம் செவி உரப்பை மடக்கை அளவில் உணர்கிறது, அதாவது ஒலி எவ்வளவு கூடியது என்பதைவிட எத்தனை மடங்கு கூடியது என்பதையே கவனிக்கிறது. நேர்கோட்டு அளவில் மாறும் பொட்டென்ஷியோமீட்டரை (குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறு மின்தடையை) பொருத்தினால், உணரத்தக்க மாற்றம் பெரும்பாலும் முதல் கால்பகுதியிலேயே முடிந்துபோகும். மெல்லிய ஒலியில் கேட்க விரும்புபவர் மயிரிழை அளவில் திருப்பிப் போராட வேண்டியிருக்கும். மென்பொருளில் ஒலியளவை மாற்றுபவர்களும் படிகளை டெசிபல் என்ற மடக்கை அலகின் கணக்கில் பிரிக்காமல் இதே பிழையைச் செய்கிறார்கள்.

மின்சாரம் போனால் மறந்துவிடும் நிலையங்கள்

சேமித்த நிலையங்களை மின்சாரம் இல்லாமலும் நிலைக்கும் நினைவகத்தில் எழுதுங்கள். ஆனால் குமிழின் ஒவ்வோர் அசைவுக்கும் எழுதாதீர்கள், அந்த நினைவகத்தில் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்புண்டு; கை ஓய்ந்த சில விநாடிகளுக்குப் பின் ஒருமுறை எழுதினால் போதும்.

9ஆ, 10ஆ

மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையிலான படி அமெரிக்கக் கண்டங்களில் 10 கிலோஹெர்ட்ஸ், ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் 9. இந்தத் தேர்வைப் பட்டியலின் ஏழாவது அடுக்கில் புதைக்காமல், முதன்முறை இயக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கண்ணைக் கூசவைக்கும் நீல விளக்கு

படுக்கையருகே வைக்கும் ரேடியோவுக்கு வேண்டவே வேண்டாம்.